விளையாட்டின் நிலைகளும் ஆக்கியோன் பொறுப்பும்

கணினி விளையாட்டு அடிப்படையில் நிலைகளின் தொடராகும். கதவு பூட்டியுள்ளதா, திறப்பு எவரிடம் உள்ளது, பாத்திரம் உயிரோடிருக்கிறதா என்பன போன்ற விபரங்களின் தொகுதியே விளையாட்டின் நிலை எனப்படும். ஆடுபவரின் செயல்கள் அதனை மாற்றிக்கொண்டே செல்கின்றன. இம்மாற்றங்களை ஒழுங்குபடுத்துதல் வெறும் தொழினுட்பப் பிரச்சினையாகவே பெரிதும் நோக்கப்படுகின்றது. அஃது ஆக்கியோனின் பொறுப்புணர்வு சார்ந்த அழகியற் பிரச்சினையுமாகும் என்பதற்கு, லூகாஸ்பிலிம் கேம்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'மேனியக் மான்ஷன்' தக்க சான்றாகும்.

றொன் கில்பேர்ட், கரி வின்னிக் ஆகியோர் வடிவமைத்த இவ்விளையாட்டிற்கெனவே 'ஸ்கம்' என்னும் விளையாட்டுப்பொறி உருவாக்கப்பட்டது. கதை நிகழ்வுகளைப் பொறியின் உள்ளமைப்பிலிருந்து பிரித்து, எளிய ஸ்கிரிப்ற் மொழியில் எழுத இடமளித்தமையே அதன் சிறப்பாகும். ஒரு ஸ்கிரிப்ற் கடிகாரத்தை ஓடச் செய்யும். மற்றொன்று பாத்திரத்தை நடக்கச் செய்யும். இரண்டும் முறைவைத்து இயங்குவதால் ஒருங்கே நிகழ்வனவாகத் தோன்றும்.

டேவ் என்னும் இளைஞனுக்குத் துணையாக அறுவருள் இருவரை ஆடுபவர் தெரிவு செய்கின்றார். இதனால் 15 வேறுபட்ட குழுக்கள் அமையலாம். குழுவிற்கேற்ப வழிகளும் முடிவுகளும் மாறுகின்றன. இச்சுதந்திரம் ஸ்கம் அளித்த பேறு எனலாம்.

ஆயின் அச்சுதந்திரத்தினுள்ளேயே குறையும் உளது. நீச்சற்குளத்து நீரை வெளியேற்றி நெடுநேரம் விட்டால், அந்நீராற் குளிர்விக்கப்படும் அணு உலை வெடித்து மாளிகையே அழிகின்றது. செயலும் விளைவும் காரணகாரியத் தொடர்புடையனவாதலின் இவ்வழிவு ஏற்கத்தக்கதே. ஏற்கமுடியாதது வேறொன்று: இன்றியமையாத பொருளொன்றை வீணாக்கியபின், வெற்றிக்கான வழி அடைபட்டதை உணர்த்தாமலே விளையாட்டுத் தொடர்தல். அங்கு ஆடுபவர் தோற்கவில்லை, ஏமாற்றப்படுகின்றார்.

1989இல் சாகச விளையாட்டுகள் பற்றி எழுதிய கட்டுரையில் கில்பேர்ட்டே இத்தகைய குறைகளைக் கண்டித்தார். 1990இல் வெளிவந்த அவரது 'த சீக்ரெற் ஒவ் மங்கி ஐலன்ட்' அவற்றைத் தவிர்த்தது. அதன் நாயகன் நீருக்கடியிற் பத்து நிமிடம் மூச்சடக்க வல்லவன். அந்நேரம் கடந்த பின்னரே இறக்கின்றான். ஆபத்து நீங்கினால் விறுவிறுப்புக் குன்றும் என்பர் சிலர். எனினும், வழி உண்டென்ற உறுதியே புதிர்களை அச்சமின்றி ஆராய ஆடுபவரைத் தூண்டுகின்றது.

இரு விளையாட்டுகளும் ஸ்கம் பொறியிலேயே உருவாயின என்பது நோக்கற்பாலது. பொறி வளர்ந்தது உண்மையே. ஆயினும் வேறுபாட்டின் வேர் ஆக்கியோன் நோக்கிலேயே உள்ளது. பொறி எத்தனை நிலைகளையும் நினைவிற் கொள்ளும். எந்நிலையில் ஆடுபவரைக் கைவிடலாகாது என்பதை ஆக்கியோனே தீர்மானித்தல் வேண்டும்.