கட்டுக்குள் அடங்காதவர்கள்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் பழமையைச் சொல்லியே மாய்ந்துபோகிறார்கள். நாயக்கர் தொடங்கினார்கள், மராட்டியர் வளர்த்தார்கள், இரண்டாம் சரபோஜி காசி யாத்திரையிலும் சுவடி திரட்டினார், 1918இல் பொது நூலகமானது. எல்லாம் சரிதான். அங்கே யாருடைய கதை இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

மொழிக்குப் பஞ்சமில்லை. மராட்டிய மன்னர் சாகஜியின் (1684–1712) 'பஞ்சபாஷா விலாசம்' ஐந்து மொழி பேசும் நாடகம். அவருடைய தெலுங்கு நாடகமான 'சதீதான சூரமு' இன்னும் துணிச்சலானது. மன்னார்குடித் திருவிழாவில் ஒரு பிராமணர் தீண்டாமைக்கு ஆளான ஒரு பெண்ணைக் கண்டு மயங்கிப் பின்னாலேயே அலைகிறார். அரசவை சிரித்திருக்கும். ஆனால் அந்தப் பெண் பேசுவதெல்லாம் அரசர் எழுதிக்கொடுத்த வசனம். பிரதாபசிம்மன் அவையில் இருந்த தேவதாசி முத்துப்பழனியின் நிலை வேறு. தன் தெலுங்குக் காவியமான 'ராதிகா சாந்த்வனமு'வில் அவரே தன் குலத்துப் பெண்களைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். அதை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அரசு தடை செய்தது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மையார்தான்.

என்னைக் கேட்டால், அங்குள்ள காவியங்களைவிட, மராத்தியின் கூட்டெழுத்தான மோடியில் எழுதிய ஆவணக் கட்டுகளில்தான் ஊர் ஜனங்கள் அதிகம். மராட்டிய அரண்மனையின் அன்றாடக் கணக்கு அவை. தலைக்கோட்டை முதலில் நீளமாக இழுத்துவிட்டு, பேனாவை எடுக்காமல் எழுத்தோடு எழுத்தைக் கோத்துக்கொண்டே போவார் எழுத்தர். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. மராத்தி நன்றாகத் தெரிந்தவரும் பயிற்சி இல்லாவிட்டால் திணறுவார். படித்துவிட்டாலோ சத்திரச் செலவு, கோயில் கொடை, பாடகர் சம்பளம், ஆட்டக்காரிகளுக்குக் கொடுத்தது எல்லாம் வரிசையாக வரும். கே. எம். வேங்கடராமையா 1984இல் வெளியிட்ட மராட்டியர் கால அரசியல், சமுதாய வாழ்க்கை பற்றிய நூல் இவற்றிலிருந்து எடுத்தது ஏராளம். தமிழ்ப் பல்கலைக்கழகம் மொழிபெயர்ப்புத் தொகுதிகளும் கொண்டுவந்தது. அதற்குமேல் வேலை நடக்க வேண்டுமானால் மோடி படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நூலகத்தின் அட்டவணைகளும் ஒரு தடை. 1880இல் பர்னெல் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் போட்ட அட்டவணை முதல், பிரிவு மொழிவாரியாகவும் பொருள்வாரியாகவுமே போகிறது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது.

கடலோரத்துக் கதை விசித்திரமானது. 1712 முதல் தரங்கம்பாடிப் பாதிரிமார் சாதி, வழிபாடு, கல்வி பற்றித் தமிழர்களிடம் கடிதம் வழியாகக் கேள்வி கேட்டார்கள். பதில்களில் 99 ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. நம்மவர் சொன்னதை இன்று ஜெர்மன் வழியாகப் படிக்கிறோம்.

இத்தனையிலும் நாற்று நட்டவர்கள் குரல் எங்கே? ஏடு அவர்கள் வீட்டில் இல்லை. மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கிச் சேகரித்தது 1981இல் ஆங்கில நூலானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லிலும் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெ'லிலும் படித்தவர்களே அதிகம். முன்னது 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பின்னதை எழுதியவர் டெல்டா மண்ணுக்காரர். நூலகங்களில் இரண்டும் நாவல் அலமாரியில் இருக்கின்றன. தஞ்சை வரலாறு என்று கேட்டுப் போகிற மாணவருக்கு அந்த அலமாரியை யாரும் காட்டுவதில்லை.