அமிலம் மட்டுமா குற்றவாளி?

வயிறு எரிந்தால் ஒரு மாத்திரை, நெஞ்சு கரித்தால் ஒரு சோடா, பசி வேளையில் வலித்தால் ஒரு டம்ளர் பால். செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை எவரைக் கேட்டாலும் இந்த மூன்று வைத்தியங்களையும் சொல்வார்கள். காரணம் கேட்டால் "எல்லாம் ஆசிட்தான், காரம் கூடிப்போச்சு" என்பார்கள். பரவலாக நம்பப்படும் இந்த விளக்கம் எவ்வளவு தூரம் சரி? எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் அமிலத்தின் தரப்பைக் கேட்போம். இரைப்பைச் சுவரிலுள்ள சிறப்புச் செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. இரைப்பையில் இந்த அமிலம் இருப்பதை 1823-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் கண்டறிந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. வேகஸ் நரம்பின் தூண்டுதல், காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன், ஹிஸ்டமின் ஆகிய மூன்றும் அச்செல்களுக்குக் கட்டளையிடுகின்றன. கருவாட்டுக் குழம்பின் மணம் மூக்கில் ஏறியதுமே சுரப்பு தொடங்குவது நரம்பின் வேலை. புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் இந்த அமிலத்தில்தான் இயங்கும். உணவோடும் நீரோடும் வரும் கிருமிகளில் பெரும்பாலானவை இங்கேயே மடிகின்றன. ஆகவே அமிலம் நமக்குக் காவல்காரன்.

அப்படியானால் இந்த அமிலம் இரைப்பையையே ஏன் அரிப்பதில்லை? சுவரின் மேல் கோழைப் படலம் போர்த்தியிருக்கிறது. அதனடியில் பைகார்பனேட் சுரந்து அமிலத்தை முறிக்கிறது. மேற்பரப்புச் செல்களும் சில நாட்களுக்கொரு முறை புதிதாகின்றன. தாக்கும் அமிலம் ஒரு தட்டில், காக்கும் சுவர் மறு தட்டில் என இது ஒரு தராசு. "எல்லாம் ஆசிட்தான்" என்பவர்கள் ஒரு தட்டை மட்டுமே பார்க்கிறார்கள்.

பள்ளி வேதியியல் பாடத்திற்கும் இதில் பங்குண்டு. நடுநிலையாக்கலுக்கு எடுத்துக்காட்டாக அமில நீக்கி மருந்தைச் சொல்வது வழக்கம். சமன்பாடு பிழையன்று. ஆனால் இரைப்பை ஒரு சோதனைக் குழாயன்று. முறித்த அமிலத்தை அது மீண்டும் சுரக்கும். சமையல் சோடாவை விழுங்கினால் அமிலம் முறியும்; கூடவே கரியமில வாயுவும் உண்டாகும். வரும் ஏப்பத்தை "வாயு வெளியேறிவிட்டது" என்று மகிழ்கிறோம்; அந்த வாயுவை நாமே உண்டாக்கினோம் என்பதை மறக்கிறோம். அந்தச் சோடியம் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. பாலும் அப்படியே. சற்று நேரம் எரிச்சலைத் தணிக்கும். பிறகு அதன் புரதமும் கால்சியமும் சுரப்பைத் தூண்டிவிடும்.

"ஆசிட்" என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு தொல்லைகளைப் போட்டுக் கட்டுவது அடுத்த குறை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பலருக்கு அமிலச் சுரப்பு இயல்பாகவே இருக்கும். உணவுக்குழாயின் கீழ்முனை வால்வு தளர்வதால் அது மேலேறுகிறது. முன்சிறுகுடல் புண் உள்ளவர்களில் பலருக்குச் சுரப்பு மிகுதி. இரைப்பைப் புண் உள்ளவர்களிலோ அது இயல்பாகவோ குறைவாகவோகூட இருக்கலாம். நோய் மூன்று, காரணம் ஒன்று என்பது எப்படிப் பொருந்தும்?

இனி காரத்தைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகுதி என்பதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தனர். எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் இந்நோய்க்கு ஏராளமான அறுவைகள் செய்தார். இரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த மல்கோத்ரா, சோறுண்ணும் தெற்கில் புண் மிகுதி, கோதுமையுண்ணும் பஞ்சாபில் குறைவு என்று 1964-இல் எழுதினார். உணவு நோயின் போக்கை மாற்றக்கூடும். ஆனால் மிளகாய் புண்ணை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருக்கும் எரிச்சலை அது மிகுதிப்படுத்தலாம், அவ்வளவே.

உண்மைக் குற்றவாளிகளில் முதல்வன் ஒரு பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை இரைப்பையில் கண்டனர். 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி இருக்கும் அனைவருக்கும் புண் வருவதில்லை. வந்தவர்களுக்கு, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமிக்கொல்லிகளையும் சுமார் இரு வாரம் தந்தால் பெரும்பாலும் புண் ஆறுகிறது. மீண்டும் வருவதும் அரிது. அமிலத்தை மட்டும் அடக்கினால் புண் திரும்பத் திரும்ப வரும்.

ஊரறிந்த நம்பிக்கையையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசியை ஏறத்தாழ 3,60,000 மக்களிடையே சோதிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 15 ஆண்டுக் கண்காணிப்பு காட்டியது. குழந்தைகளைக் கடும் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது. எது உண்மை, எவ்வளவு உண்மை என்று பிரித்துச் சொன்ன அந்த நேர்மைதான் நம் வயிற்று வைத்தியத்திற்கும் தேவை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இரண்டாவது குற்றவாளி வலி மாத்திரை. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைக்கின்றன. மாமல்லபுரத்தில் நாள் முழுதும் கல் செதுக்குபவரும், கோவளத்தில் வலை இழுப்பவரும் உடல் வலிக்கு இவற்றை வெறும் வயிற்றில் விழுங்கினால், எச்சரிக்கையின்றிப் புண் இரத்தம் கசியலாம். மலம் தார்போலக் கறுத்தாலும், வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், விழுங்குவது கடினமானாலும் மாத்திரைக் கடை போதாது, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அதை "வாயு" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்; ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை.

அமிலத்தை வலுவாக அடக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் நல்ல மருந்துகளே. ஆனால் அவற்றை மருத்துவரின் சீட்டின்றி ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் குடல் தொற்றும் பி12 வைட்டமின் குறைவும் வரக்கூடும். காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வீடு பத்திரமாக இருக்கிறது என்று எண்ணலாமா? அடுத்த முறை எவரேனும் "எல்லாம் ஆசிட்தான்" என்று சொன்னால், "எந்தத் தொல்லை, எத்தனை நாளாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். சரியான வைத்தியம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.