பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்

நாகர்கோவில் நகரின்கண் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலும், இலண்டன் மிஷனார் நிறுவிய ஹோம் சர்ச்சும் உள்ளன. ஈரிடத்தாரும் கிறிஸ்துவையே வழிபடுவர். ஆயினும், செய்த பாவத்தை யார்முன் உரைத்தல் வேண்டும், பொறுத்தோம் எனக் கூறும் உரிமை யாருக்கு உளது என்பவற்றில் அவர் தம்முள் மாறுபடுவர். அம்மாறுபாடு ஈண்டு ஆராயப்படும்.

கத்தோலிக்கர் இதனைப் பாவசங்கீர்த்தனம் என நெடுங்காலம் வழங்கினர். சங்கீர்த்தனம் நம்மனோர் செவிக்குப் புகழ்பாடுதலாகவே படும். பாவத்தோடு அச்சொல் கூடியது வியப்பே. வழக்கமோ மிகப் பழையது. சவேரியார் 1544-ஆம் ஆண்டளவில் தென்கடற்கரையில் கற்பித்த தமிழ்ச் செபங்களுள் பாவ அறிக்கையும் ஒன்று. பின்வந்த அண்டிரிக் அடிகளார் 1580-இல் இதற்கென்றே 'கொம்பெசியொனாயரு' என்னும் தமிழ்நூலை அச்சேற்றினார். தமிழில் முற்பட அச்சேறிய நூல்களுள் அஃதொன்றாதல் கருதத்தக்கது.

ஆண்டுக்கொருமுறையேனும் குருவினிடம் பாவத்தை உரைத்தல் வேண்டும் என்பதும், கேட்ட குரு அதனை ஒருவர்க்கும் வெளியிடலாகாது என்பதும் 1215-இல் கூடிய இலாத்தரன் சங்கத்தின் விதி. மனஸ்தாபம், வாயால் உரைத்தல், பரிகாரம் என்னும் மூன்றும் பாவியின் கடன் என 1551-இல் திரிதெந்தின் சங்கம் வரையறுத்தது.

1806-இல் திருவிதாங்கூர் புக்க இரிங்கல்தௌபே முதலாய மிஷனார் வழிவந்த சபையாரோ, கடவுளுக்கும் உயிருக்கும் இடையே மனிதன் எற்றுக்கு என வினவுவர். கடவுளே பொறுக்கின்றார், குரு கருவியே என்பது கத்தோலிக்கர் விடை. இதனை ஒப்பாது மறுக்கலாம். குரு தம்மதிகாரத்தாற் பொறுக்கின்றார் என்று இகழ்வோர் அதனை அறிந்து இகழ்ந்தாரல்லர். லூத்தரும் தனியறிக்கையை அறவே விலக்கினாரல்லர். கட்டாயத்தையும், ஒன்றொழியாது எண்ணியுரைத்தலையுமே மறுத்தார். இஃது இந்நாட்டு வாதங்களிற் பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

தனித்துக் கடவுள்முன் உரைப்போன் தன்னைத் தானே எளிதில் விடுவித்துக்கொள்வான் என்பர் ஒருசாரார். விதிக்கஞ்சி உரைப்போனுக்கு நெஞ்சு உருகாமலே நா உரைக்கும் என்பர் மற்றையோர். இரண்டும் மெய்யே.

ஆயின், நாஞ்சில் நாட்டில் ஒருவன் அயலான் வயல்வரப்பை அரிந்து தன் வயலோடு சேர்த்துக்கொண்டான் என வைத்துக்கொள்வோம். அவன் குருவிடம் உரைப்பினும், அறையுட் புகுந்து கடவுளிடம் உரைப்பினும், வரப்பு அரிந்தபடியே கிடக்கும். வயலிழந்தான் எங்கே? மன்னிப்பைப் பற்றிய வழக்கில் அவனை இருதிறத்தாரும் சாட்சியாகவும் அழைப்பதில்லை. இத்துணைக்கும், கவர்ந்த பொருளை மீளக்கொடுத்தல் கடனென்பது கத்தோலிக்க அறநூற்றுணிபு. காணிக்கைக்கு முன்னர்ச் சகோதரனோடு பொருந்துக என்பது மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம். சகேயு என்னும் ஆயக்காரன் நாலத்தனையாகத் திருப்ப இசைந்தமை லூக்காவில் உளது.

கத்தோலிக்கர் இந்நாளில் அச்சடங்கை ஒப்புரவு அருட்சாதனம் என்கின்றனர். சீர்திருத்தச் சபையார் ஓதும் தமிழ் வேதாகமமும் மத்தேயுவின் அவ்விடத்தில் ஒப்புரவு என்னும் சொல்லையே ஆள்கின்றது. அஃது அங்கே சுட்டுவது பிணங்கிய சகோதரனை.