முகாமுக்கு வராத கண்கள்

தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு என்னும் தொடர், வருமுன் தடுத்திருக்கக்கூடியது, வந்தபின் சிகிச்சையால் மீட்கக்கூடியது ஆகிய இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது. இந்தியாவில் இதன் பெரும்பகுதி கண்புரையால் வருவது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதின் போக்கில் கலங்கி ஒளியை மறைப்பதே கண்புரை. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு இதுவே காரணம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஓர் அறுவையால் மீட்கக்கூடிய பார்வை ஏன் மீட்கப்படாமலே கிடக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் கண் சிகிச்சை முகாம் ஒரே நேரத்தில் விடையாகவும் புதிராகவும் அமைகிறது.

முகாமின் தொடக்க வடிவம் இன்றைய வடிவத்திலிருந்து வெகுவாக வேறுபட்டது. பள்ளிக்கூட அறைகளிலும் சத்திரங்களிலும் தற்காலிகமாக அறுவை அரங்கு அமைத்து, கலங்கிய வில்லையை முழுதாக எடுத்துவிட்டு, சோடாப்புட்டி அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினர். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவை நடந்த கண் மறுபடியும் பயனற்றுப் போயிற்று. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் பரிசோதனையை மட்டும் நடத்தி, அறுவைக்குத் தேர்ந்தோரைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கே கொண்டுவரும் முறையைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை அப்போது நூறு டாலரை ஒட்டிய விலையில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1992இல் அதே அமைப்பைச் சார்ந்த அரோலேப் அதை மதுரையிலேயே செய்யத் தொடங்கியபின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியதால், ஏழைக்குக் கண்ணாடி, வசதி படைத்தவருக்கு வில்லை என்றிருந்த பேதம் பெருமளவு மறைந்தது.

வறுமை என்பது மருத்துவச் செலவோடு முடிவதில்லை என்ற புரிதலே இம்முறையின் தலையாய வலிமை. அறுவை இலவசம் என்று அறிவித்துவிட்டால் போதாது. பார்வை மங்கிய மூதாட்டியைக் கைபிடித்து அழைத்துவர ஒருவர் வேண்டும், அவர் கூலி வேலைக்குப் போகிறவராயின் அன்றைய கூலி போய்விடும், பேருந்துக் கட்டணமும் வெளியூர்ச் சாப்பாட்டுச் செலவும் அதற்குமேல் சேரும். கைபேசி இல்லாத காலத்திலேயே துண்டறிக்கையாலும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவாலும் ஊருக்குச் செய்தி சொல்லி, போக்குவரத்து, உணவு, தங்குமிடம், சொட்டு மருந்து அனைத்தையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்த முகாம், துணைக்கு ஆளில்லாதவரையும் ஊர்க்காரர்களின் கூட்டத்தோடு கூட்டமாகப் பேருந்தில் ஏற்றிவிட்டது.

இருந்தும், முகாம் தன்னைத் தேடி வந்தவரை மட்டுமே காண்கிறது. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறையுள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்ததாகக் கண்டது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மருத்துவமனை வந்து பந்தலடியில் நிற்கும்போதும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களின் காரணங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன: பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற பயம், 'புரை இன்னும் முத்தவில்லை' என்ற பழைய நம்பிக்கை, வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்ற சமாதானம். இவற்றில் பல பெண்களையே கூடுதலாகக் கட்டிப்போடுகின்றன. ஒலிபெருக்கி அறிவிப்பு நாளையும் இடத்தையும் சொல்லுமேயன்றி இப்பயங்களுக்கு மறுமொழி சொல்லாது. அதற்கு ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரரே தகுந்தவர்.

இன்னொரு குறை நோய்களின் இயல்பிலிருந்தே வருவது. ஒரு நாளில் கண்டு சில நாளில் முடித்துவிடக்கூடிய கண்புரைக்கு முகாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதோடு பெரிதும் தொடர்புடையதும், பார்வை நரம்பை வலியின்றியே அரிப்பதுமான கண்ணழுத்த நோய்க்கோ, சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாவதற்கோ ஆண்டுக்கணக்கில் தொடரும் கண்காணிப்பு தேவை. அவற்றில் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கொடுப்பதை முகாம் நன்றாகவே செய்கிறது, ஆனால் பவர் மாறும்போது போய்க் கேட்பதற்கு அங்கே யாரும் இருப்பதில்லை.

அளவுகோலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். முகாமின் வெற்றி நெடுங்காலமாக அறுவைகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டு வந்தது. நன்கொடை தருபவருக்கும் அரசு மானியக் கணக்குக்கும் அந்த எண்ணே வசதியானது, பந்தலில் கட்டும் பதாகைக்கும் அதுவே எடுப்பானது. அறுவைக்குப்பின் பார்வை எவ்வளவு திரும்பியது என்பது வேறு கணக்கு. உலக சுகாதாரப் பேரவை 2021இல், அறுவை தேவைப்பட்டோரில் அதைப் பெற்று நல்ல பார்வையும் அடைந்தோரின் விகிதத்தை 2030க்குள் 30 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்று இலக்கு வகுத்தபோது, இந்த இரண்டாம் கணக்கே முதன்மை பெற்றது. காலம் தாழ்ந்த மாற்றமாயினும் சரியான மாற்றம்.

அரவிந்த் 2004 முதல் திறந்துவரும் நிரந்தரக் கண் மையங்கள் முகாமின் இடைவெளியை நிரப்ப எழுந்தவை. பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் சிற்றூரில் நாள்தோறும் இருந்து பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் இணையவழியே படங்களைப் பார்த்து முடிவு சொல்கிறார். ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு மையம் என்ற அளவு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. தொடர் நோய்களுக்கு முகாமைவிட இது பன்மடங்கு மேலானது; எனினும் கதவைத் தட்டி வருபவருக்கே திறக்கும் என்ற அளவில் முகாமின் மூத்த குறை இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே முகாமை நிறுத்திவிடுவதைவிட, அருகிலுள்ள மையத்துக்கு ஆளனுப்பும் வாயிலாக அதை மாற்றுவதே பொருத்தம்.

அந்த மாற்றம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை முகாமின் கடைசி மேசையே காட்டிவிடுகிறது. அங்கே புரை இருப்பது உறுதியான ஒருவருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ மிகுதியாக இருந்தால், அதைக் கட்டுப்படுத்திக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரும்படி சொல்லி அனுப்புகிறார்கள். மருத்துவ நோக்கில் அது பழுதற்ற முடிவு. ஆனால் பேருந்தில் ஏறியவரின் பெயர் அறுவைப் பட்டியலில் ஏறி ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் தேடப்படுகையில், சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்பியவரைத் தேடிப் போவது யாருடைய வேலை என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.