பாதுகாப்பு முடிவு யார் மேசையில்? இலங்கையும் இந்தியாவும்

இலங்கையின் ஜனாதிபதி, இந்தியாவின் குடியரசுத் தலைவர் இருவருமே ஏட்டளவில் முப்படைகளின் தலைவர்கள். ஆனால் ஒருவர் படைக்கு உத்தரவிடுகிறார். மற்றவரின் பெயரால் உத்தரவு போகிறது. 1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரை, அரசின் தலைவர், ஆட்சித்துறையினதும் அரசாங்கத்தினதும் தலைவர், ஆயுதப் படைகளின் தளபதி என எல்லாப் பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொடுக்கிறது. 4ஆம் உறுப்புரையோ, மக்களின் ஆட்சித்துறை அதிகாரத்தை ஜனாதிபதி செலுத்துவார் என்று சொல்லும்போது அதற்குள் நாட்டின் பாதுகாப்பும் அடங்கும் என்பதைத் தனியே எடுத்துச் சொல்கிறது. அந்த ஒரு சொற்றொடர் பிற்காலத்தில் ஒரு அரசாங்கத்தையே ஆட்டிவைத்தது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவும் படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடமே வைக்கிறது. ஆனால் 74ஆம் பிரிவு அவரை அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கச் சொல்லிவிடுவதால், போரா அமைதியா என்ற கேள்வி ராஷ்டிரபதி பவனில் தீர்மானிக்கப்படுவதில்லை. அதைப் பிரதமர் தலைமையில் பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் அமரும் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு தீர்மானிக்கிறது.

இலங்கையில் ஜனாதிபதியும் பிரதமரும் வேறு வேறு கட்சிக்காரர்களாக அமைந்தபோதுதான் 4ஆம் உறுப்புரையின் எடை தெரிந்தது. 2002 பெப்ரவரியில் விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. முப்படைத் தளபதியோ ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. 2003 நவம்பர் 4ஆம் திகதி, பிரதமர் வாஷிங்டனில் இருந்த வேளையில், ஜனாதிபதி பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், வெகுசனத் தொடர்பு ஆகிய மூன்று அமைச்சுகளையும் தம் கைக்குள் எடுத்துக்கொண்டார். அதே நாட்களில், அவர் கேட்ட கருத்துக்கு விடையாக, பாதுகாப்பு அதிகாரம் ஜனாதிபதிக்கே உரியது என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சமாதானப் பேச்சை நடத்தியவர் கையில் படை இல்லை, படையைக் கையில் வைத்திருந்தவர் பேச்சில் இல்லை என்ற விசித்திரமான நிலை அது. இந்தியாவில் இப்படி ஒன்று நடக்க இடமே இல்லை. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் பிரதமர் ராஜீவ் காந்தியோடு முறுக்கிக்கொண்டிருந்த காலத்திலும், அஞ்சல் திருத்த மசோதாவுக்கு ஒப்புதல் தராமல் கிடப்பில் போட்டதைத் தாண்டி அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

ஆனால் கையெழுத்து மட்டுமே போடும் பதவியும் ஆபத்தில்லாதது அல்ல. 1975 ஜூன் 25ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டபோது, அமைச்சரவைக்கு அது தெரியாது. அன்றிரவு அமைச்சரவையைக் கூட்ட நேரமில்லை என்றும், அலுவல் நடத்தை விதிகளின் 12ஆம் விதி தரும் விலக்கைப் பயன்படுத்துவதாகவும் பிரதமர் இந்திரா காந்தியின் கடிதம் சொன்னது. அமைச்சர்கள் மறுநாள் காலை ஆறு மணிக்கு வரவழைக்கப்பட்டு, நடந்து முடிந்ததற்குத் தலையசைத்தார்கள். ஜனதா ஆட்சி 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் இனிப் பிரகடனம் செய்ய முடியாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற நெகிழ்வான காரணம் போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள், மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் ஏற்க வேண்டும்.

இலங்கை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. அங்கே அவசரகாலநிலைக்கு அடிப்படை, பிரித்தானியர் காலத்தில் 1947இல் இயற்றப்பட்ட பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பிரகடனம் செய்பவர் ஜனாதிபதி. பாராளுமன்றம் 14 நாட்களுக்குள் அங்கீகரிக்க வேண்டும், பின்னர் மாதத்துக்கு மாதம் நீடிக்க வேண்டும். அவசரகாலநிலை நெடுநாள் தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தேவை என்ற கட்டுப்பாடு 1978 அரசியலமைப்பிலும் இருக்கத்தான் செய்தது. உள்நாட்டுப் போர் சூடுபிடித்த 1986இல், பத்தாவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இடைவெளிகளோடு 2011 ஆகஸ்ட் வரை நீண்ட அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறையே வளர்ந்தது. மாதாந்த வாக்கெடுப்பு பாராளுமன்றத்தில் ஒரு சடங்காகவே ஆகிப்போயிற்று.

இனி, முடிவுக்கு முன்னால் கூடிப் பேசும் சபைகள். இந்தியாவில் பிரதமர் வி.பி. சிங் 1990இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஒன்றை அறிவித்தார். அது ஒரே ஒரு முறை கூடியதோடு சரி. பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின், 1998 நவம்பரில், பிரதமர் வாஜ்பாயி அதை மீண்டும் அமைத்து, பிரஜேஷ் மிஸ்ராவைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக்கினார். கவுன்சிலில் உட்கார்பவர்கள் ஏறத்தாழ அமைச்சரவைக் குழுவில் உட்காரும் அதே அமைச்சர்கள். புதிதாக வந்தவை ஆலோசகர் என்ற பதவியும், தாள்களைத் தயார் செய்யும் செயலகமும், வெளியாட்களைக் கொண்ட ஆலோசனை வாரியமும்தான். மிஸ்ராவோ பிரதமரின் முதன்மைச் செயலாளர் பதவியையும் சேர்த்தே வகித்தார். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு, ஆலோசகர் முழுநேரமாக இருக்க வேண்டும் என்று சொல்லியும், 2004இல் ஆட்சி மாறும்வரை அந்த இரட்டைப் பதவி நீடித்தது.

புதிய அமைப்பு தொடக்க காலத்திலேயே ஒரு சோதனையில் தடுமாறியது. 1999 டிசம்பர் 24 அன்று கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் அமிர்தசரஸில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. அதை எப்படியாவது ஓடுதளத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பதில் டெல்லியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதைச் செய்யச் சொல்லி யார் யாருக்கு உத்தரவிடுவது என்பதில்தான் நேரம் போயிற்று. விமானம் எரிபொருள் நிரப்பாமலேயே லாகூருக்குப் பறந்தது. ஒரு வாரம் கழித்து, விடுவிக்கப்பட்ட மூன்று தீவிரவாதிகளோடு வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் விமானம் போய்ச் சேர்ந்திருந்த கந்தஹாருக்குப் போக நேர்ந்தது. சீர்திருத்தமும் மெதுவாகவே வந்தது: கார்கில் போருக்குப் பின் அமைச்சர்கள் குழு 2001இல் பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவியில் ஆள் அமர்ந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. முதலாமவராக வந்த ஜெனரல் பிபின் ராவத் இரண்டு ஆண்டுகூட நிறைவு செய்யாமல் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்தவரை நியமிக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஆனாலும் அமைச்சரவைக் குழு என்ற பழைய பல்சக்கரம் சுழலத் தவறுவதில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மாலை குழு கூடியது. அன்றிரவே சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கும் முடிவை வெளியுறவுச் செயலாளர் படித்தார். முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். யார் கூட வேண்டும், எங்கே கூட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இலங்கையின் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அந்த உறுதி இல்லை. அது ஜனாதிபதி கூட்டினால் கூடும். அவர் அழைத்தவர் வருவார். ஜனாதிபதியே பாதுகாப்பு அமைச்சராகவும் இருப்பதால் அமைச்சின் அன்றாட நிர்வாகம் செயலாளரின் கையில் விழுகிறது. 2005 முதல் 2015 வரை அந்த நாற்காலியில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் தம்பி கோட்டாபய இருந்தார். படைத்தளபதிக்கும் ஜனாதிபதிக்கும் நடுவே தடையில்லாத ஒரு வழி அதனால் உருவானது. போரை வேகமாக நடத்த அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அதே வழியில் மறுகேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனதும் உண்மை.

இரண்டு முறைகளும் நேருக்கு நேர் அமர்ந்த ஒரு மேசை இலங்கையின் இறுதிப் போர்க் காலத்தில் இருந்தது. இரு நாடுகளும் தொடர்பு குழம்பாமல் இருக்க மும்மூன்று பேரை நியமித்தன. இந்தியத் தரப்பில் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், வெளியுறவுச் செயலாளர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். இலங்கைத் தரப்பில் ஜனாதிபதியின் சகோதரர்கள் பசில், கோட்டாபய, ஜனாதிபதியின் செயலாளர் லலித் வீரதுங்க. ஒரு பக்கம் மூன்று பதவிகள். மறுபக்கம் ஒரு வீடும் அதன் செயலாளரும்.

அழைத்தவர் மட்டுமே வரும் சபையின் விலை 2019இல் தெரிந்தது. 2018 அக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலைப் பதவி நீக்கினார். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் டிசம்பரில் ரணில் திரும்பி வந்தார். அந்த அக்டோபரிலிருந்து பிரதமரும், பாதுகாப்பு இராஜாங்க அமைச்சரும், பொலிஸ் மா அதிபரும் பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படவில்லை. 2019 பெப்ரவரிக்குப் பிறகு சபை முறையாகக் கூடவுமில்லை. ஏப்ரல் 4ஆம் திகதி, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்ற தகவல் இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு வந்தது. அது கடிதமாகி, தேசிய புலனாய்வுத் தலைவரிடம் போய், பொலிஸ் மா அதிபரிடம் போய், அங்கிருந்து குறிப்பெழுதப்பட்டுக் கீழிறங்கியது. ஒவ்வொரு மேசையும் தன் கடமையை அடுத்த மேசைக்கு அனுப்பிவைத்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்க்கும் அறை மட்டும் திறக்கப்படவில்லை. உயிர்த்த ஞாயிறான ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஜனாதிபதி சிங்கப்பூரில் இருந்தார்; பதில் பாதுகாப்பு அமைச்சர் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பில் கோட்டைவிட்டதற்காக இந்தியாவில் எந்தப் பிரதமரும் இப்படித் தம் பையிலிருந்து செலுத்தியதில்லை. அதிகாரம் ஒருவரிடம் குவிந்திருப்பதால் பொறுப்பை அவர்மேல் சுமத்துவதும் எளிதாகிறது என்பது இலங்கை முறையின் எதிர்பாராத ஒரு பக்கம்.

இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரோ நாடாளுமன்றத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. 2018 முதல் துறைச் செயலாளர்களும் படைத்தளபதிகளும் அமரும் வியூகக் கொள்கைக் குழுவுக்கு, அமைச்சரவைச் செயலாளருக்குப் பதிலாக அவரே தலைமை வகிக்கிறார். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரின் கை இவ்வளவு நீள்வதைப் பார்த்தால், இந்தியாவும் மெல்ல இலங்கையின் வழிக்கு நகர்கிறதோ என்று தோன்றும். ஆனால் 1998 முதல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் ஐந்தே பேர். இரு நாடுகளும் கலந்துகொள்ளும் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டில் இந்தியாவின் இடத்தில் பல ஆண்டுகளாக உட்காருபவர் ஆலோசகர் அஜித் தோவல். அவருக்கு எதிரே இலங்கையின் இடத்தில் அமரும் பதவியோ மாறியது: 2020 நவம்பரில் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன இருந்தார். ரணில் ஜனாதிபதியான பின் அங்கே அமர்ந்தவர் அவருடைய பணிக்குழுப் பிரதானி சாகல ரத்நாயக்க.