தண்ணீர் துப்பாத எஞ்சினும் கொழும்புச் சேவையும்

போட் எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், எண்ணெய்ச் செலவைக் கேட்பார்கள், இழுத்த இழுப்பில் ஸ்டார்ட் ஆகுமா என்று கேட்பார்கள். பழுதானால் கம்பனி என்ன செய்யும் என்று கேட்பவர் குறைவு. எங்கள் கிண்ணியாவில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். எங்கள் குடும்ப போட்டில் இருக்கும் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அண்மையில் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போய் வந்தது. நான் எழுதுவது அந்தச் சேவையைப் பற்றி. கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. யமஹா, சுசுகி, டொஹட்சு எதுவானாலும் பழுதான அந்த உறுப்பு வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

எஞ்சினில் குறை சொல்ல அதிகம் இல்லை. இரண்டு சிலிண்டர், 40 கிலோவுக்குள் எடை. ஒருவரே கழற்றித் தோளில் வைத்துக் கரையேற்றலாம். சுமையோடும் கிண்ணியாப் பாலத்தடி நீரோட்டத்தை எதிர்த்துத் தடுமாறாமல் ஏறும்.

சிக்கல் மணலில்தான். 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி தன் மண்ணையெல்லாம் கொட்டியாரக் குடாவில் இறக்குகிறது. வடகீழ்ப் பருவ மழையில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்துக்கு உட்பக்கம், தம்பலகாமக் குடாவை நோக்கிப் போகப் போக, பல இடங்களில் ஆழம் குறைவு. அங்கே எஞ்சினின் கால் அடிமண்ணைக் கிளறிக்கொண்டுதான் ஓடுகிறது.

அந்தக் காலுக்குள் இருக்கும் சிறிய ரப்பர்ச் சக்கரம்தான் இம்பெல்லர். கடல் தண்ணீரை உறிஞ்சி, குழாய் வழியே மேலேற்றி, சிலிண்டரைச் சுற்றிவரச் செய்து குளிர்விப்பது அதன் வேலை. எஞ்சினின் பின்புறத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பாய்ந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒருநாள் அது நின்றுவிட்டது. "தண்ணி துப்புதில்ல மச்சான்" என்று என் மச்சான் உடனே எஞ்சினை நிறுத்தி, துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் இறுகி, எஞ்சினின் பாதி விலை போயிருக்கும்.

கொழும்பிலுள்ள வாடிக்கையாளர் சேவையின் முதல் பதில் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்தது. எஞ்சினைப் போட்டில் பூட்டும் தாங்கியில் உள்ள தொடர் இலக்கத்தையும், ஓடும்போது எடுத்த வீடியோவையும் வட்ஸ்அப்பில் கேட்டார்கள். உத்தரவாதம் பற்றியும் தெளிவாகச் சொன்னார்கள்: தொழிலுக்குப் பயன்படும் எஞ்சினுக்குக் காலம் குறைவு, தேயும் ரப்பர் உறுப்புகள் அதில் சேரா. அது கையைக் கடித்தாலும், மறைக்காமல் சொன்னதற்கு மதிப்பு உண்டு. பம்பின் பிரித்த படத்தையும் ஒவ்வோர் உறுப்பின் இலக்கத்தையும் அனுப்பினார்கள். எனக்குப் பெரிய உதவி அந்தப் படம்தான்.

உறுப்பு இலக்கத்தை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது. யமஹாவை எடுத்துக்கொண்டால், 63வி-44352-01 என்பதில் முதற்பகுதி எந்த மாதிரி எஞ்சினுக்காக வடிவமைத்தது என்பதைச் சொல்கிறது. நடுவிலுள்ள 44352 இம்பெல்லருக்கே உரிய எண், மாதிரி மாறினாலும் அது மாறாது. கடைசி இரண்டும் திருத்தத்தைக் குறிக்கும். "15க்கு ஒரு இம்பெல்லர் தாங்க" என்று கடையில் கேட்டு வேறு மாதிரியின் ரப்பரை வாங்கி வருவதை இந்த இலக்கம் தடுத்துவிடும்.

வேலையில்தான் சேவை சறுக்கியது. அவர்கள் காட்டிய பணிமனையில் இம்பெல்லரை மட்டும் மாற்றினார்கள். தாரை வந்தது. ஆனால் மெலிந்திருந்தது, எஞ்சினும் சூடேறியது. ஊரிலுள்ள மெக்கானிக் காக்காவிடம் கொண்டுபோனோம். அவர் பம்பைத் திறந்து, இம்பெல்லரின் கீழிருக்கும் உருக்குத் தகட்டை நகத்தால் தடவிக் காட்டினார். மணல் அரைத்த வட்டப் பள்ளம். இம்பெல்லர் சுழலும் கிண்ணத்திலும் அதே கோடு. அந்த இடைவெளியில் தண்ணீர் கசியும்போது புது ரப்பர் எவ்வளவு சுற்றினாலும் அழுத்தம் ஏறாது. மேலே தெர்மோஸ்டாட்டும் உப்புப் படிந்து சரியாகத் திறக்காமல் கிடந்தது. தகடும் கிண்ணமும் கம்பனி அனுப்பிய படத்தில் இம்பெல்லருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, முழுத் தொகுதியாகவும் விற்கிறார்கள். அவர்களே வரைந்த படத்தை அவர்களுடைய பணிமனை பார்க்கவில்லை.

இதைப் படங்களோடு எழுதி அனுப்பியபின் முழுத் தொகுதியை அனுப்பினார்கள், கூலியும் கேட்கவில்லை. அதைப் பாராட்டுகிறேன். ஆனால் எந்தத் தண்ணீரில் ஓடுகிறது, ஆழம் என்ன, மணல் உண்டா என்று முதல் நாளே ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாவது தடவை எஞ்சினைக் கழற்ற வேண்டியிருக்காது. 2022 ஓகஸ்டில் போட்டுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய காலத்தை இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை. எரிபொருளுக்கே உழைத்து ஓய்ந்த வீட்டுக்கு, எஞ்சின் கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கடன்.

இம்பெல்லரை நீங்களே மாற்றுவதானால், தண்டை வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை இறக்குங்கள். அப்போதுதான் ரப்பர் இதழ்கள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சின்னச் சாவித் துண்டு மணலில் விழுந்தால் கிடைக்காது, அடியில் ஒரு துணி விரியுங்கள். வறண்ட கரையில் சோதனைக்கென்று ஒரு கணமும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், தண்ணீர் இல்லாத ரப்பர் உடனே கருகும். தொழில் முடிந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் சிறிது நேரம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். நம் மணலுக்கு ஆண்டுக்கொரு முறையாவது பம்பைத் திறந்து தகட்டையும் பார்க்க வேண்டும்.

எஞ்சினைத் தாராளமாக வாங்கலாம். சேவையில் தகவலுக்கு முழு மதிப்பெண், கைவேலைக்குப் பாதி. வாங்கும் அன்றே பம்பின் முழுத் தொகுதி ஒன்றையும் சேர்த்து வாங்கி வீட்டில் வையுங்கள். திருகோணமலைக் கடைகளில் அது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.