கோபுரத்தில் காணாமல் போனவர்: 'டிபெண்டன்சி' கேலிச்சித்திரம் பற்றி

இணையத்தில் பலரும் பகிர்ந்த ஒரு கேலிச்சித்திரம் இருக்கு. ரேண்டல் மன்ரோ தம்முடைய எக்ஸ்கேசிடி தொடரில் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. தலைப்பு 'டிபெண்டன்சி', அதாவது சார்ந்திருத்தல். கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய கோபுரம். இன்றைய மின்னிலக்கக் கட்டமைப்பு முழுவதும் அதுதான். அடியில், ஓரமாக, ஒரே ஒரு மெல்லிய கட்டை. நெப்ராஸ்காவில் யாரோ ஒருவர் 2003இலிருந்து, நன்றி சொல்ல ஆளில்லாமல் பராமரித்துவரும் மென்பொருள் அது. அதை உருவினால் கோபுரமே சாயும்!

உயர்நிலை வகுப்பில் கலந்துரையாட அருமையான படம்தான். விளக்கமே தேவையில்லை, மாணவர்களுக்கு உடனே புரியும். ஆனா, "பாவம், தனியாகத் தாங்குகிறார், யாராவது கைகொடுக்கலாமே" என்ற இரக்கத்தோடு படம் நின்றுவிடுகிறது. பராமரிப்பவரின் பொறுப்பு என்ன என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

கைகொடுக்க ஆள் வந்தால் போதுமா? எக்ஸ்இசட் கதையைப் பாருங்க. கோப்புகளைச் சுருக்க உதவும் இந்தத் திறந்த மூல மென்பொருளைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒருவரே கவனித்துவந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் உதவ வந்தவர், இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையும் கிடைத்தது. 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு நுழைந்தது. உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தோண்டித் துருவி மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

இங்கே இன்னொருவரும் இருக்கிறார். படத்தில் அவருக்கு இடமே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகளில், மென்பொருளை எழுதியவரிடமிருந்து வாங்கி, பயனருக்கு ஏற்ற பேக்கேஜாகக் கட்டித் தருபவர் அவர். கள்ளக்கதவை இயக்கும் வரிகள் எல்லாரும் பார்க்கும் மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய கோப்பில்தான் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் சந்தேகம் வர வாய்ப்பிருந்தது. வந்ததை அப்படியே கைமாற்றிவிடுவது பராமரிப்பு ஆகாது.

மாற்றுவதிலும் பொறுப்பு உண்டு. 2006இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பராமரித்தவர், ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததால் சில வரிகளை நீக்கினார். மூல மென்பொருளை எழுதியவர்களிடம் கேட்கவும் செய்தார். ஆனால் கேள்வியும் பதிலும் தெளிவாக அமையவில்லை. ரகசியச் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி காத்ததே அந்த வரிகள்தான். 2008 மே மாதம் குட்டு வெளிப்பட்டபோது, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32,000 சாத்தியங்களே மிஞ்சியிருந்தன. கணினிக்கு அது ஒரு எண்ணிக்கையே இல்லை.

சம்பளமில்லாத தன்னார்வலரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமங்களே சொல்கின்றன. அதனால்தான், முடியாதபோது சொல்லிவிட்டு விலகுவதும் பொறுப்பில் சேரும். டெபியனில் அதற்கு முறையே இருக்கு: பராமரிக்க முடியாத பேக்கேஜை 'அநாதை' என்று வெளிப்படையாக அறிவித்துவிடலாம்; வேறொருவர் தத்தெடுக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் கைவிடுவதுதான் ஆபத்து.

இந்தப் படத்தை வகுப்பில் தாராளமாகக் காட்டுங்க. "இவருக்கு யார் உதவுவது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "அந்தக் கட்டையைச் சோதித்தவர் யார்? மாற்றும்போது யாரைக் கேட்டார்கள்?" என்றும் கேட்டுப் பாருங்க. பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும்.